நிகர எடை

"இரும்புக்குப் போட்டுடு, அக்கா" என்றான் ஆ லெக்,
எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டே.
"ரோம்பின் ரோட்டுக்காரன்
கிலோவுக்குத் தொண்ணூறு காசு தர்றான்."

ஏர்கோன் ஒழுகுகிறது.
ஒழுகும் பெட்டி நானூறு வெள்ளிதான்.
அது இருக்குமிடம் போய்ச் சேர
முன்பலகை முழுவதையும் பிரித்துப் பரப்ப வேண்டும்,
இரண்டு நாள், இரண்டு ஆள்,
ஆக மொத்தம் ஆயிரத்து எண்ணூறு.
ஜெர்மன்காரன் முதலில் அந்தப் பெட்டியை அந்தரத்தில் வைத்துவிட்டு
அதைச் சுற்றித்தான் காரைக் கட்டியிருக்கிறான்.

என் பென்ஸுக்கு முப்பத்து மூன்று வயது.
கோலப்பிலா பல்மருத்துவரிடம் ஒன்பதாயிரத்துக்கு வாங்கினேன்.
ஏன் என்று கேட்டவர்களிடம்
கதவைச் சாத்திப் பாருங்கள் என்றேன்.
அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி
ஒரே சத்தம்.

கணக்கெல்லாம் 555 நோட்டில்,
மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்தக் குட்டி நோட்டு.
மார்ச்: தண்ணீர் பம்பு, 280.
ஏப்ரல்: எஞ்சின் ரப்பர் இரண்டு, வெட்டுவண்டிக் கடையில் எடுத்தது, 190.
மே: ஒன்றுமில்லை.
ஜூன்: மே மாதத்துக்கும் சேர்த்து, 1,150.
சாலை வரி அறுநூற்று எழுபத்தெட்டு.
பக்கத்து வீட்டு மைவி தொண்ணூறு கட்டிவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்தபடி ரிவர்ஸ் எடுக்கிறது.

போன தை மாதம் சிரம்பானில் ஒரு கல்யாணம்.
புக்கிட் பூத்துஸ் ஏற்றத்தில் முள் நூறைத் தாண்டியது.
ஏர்கோனை அணைத்தேன், ஹீட்டரைத் திறந்தேன்,
எஞ்சின் சூட்டை எங்கள் மேல் வாங்கிக்கொண்டோம்,
நானும் தங்கை கோமளாவும், பட்டுச் சேலையில்.
பேச்சையும் நிறுத்தினோம்,
அதுவும் சூடு ஏற்றும் என்பதுபோல.
மண்டப வாசலில் பன்னீர் தெளித்தவர் கேட்டார்:
"பகாவில் மழையாம்மா?"

இன்று கடைசிக் குலை லோரி போனபின்
ஆலை எடைமேடைமேல் காரை ஏற்றினேன்.
நிறுத்தினேன். நிறுத்தேன்.
பதினோரு வருடம் ஊரார் பாரத்துக்குச் சீட்டடித்த கை.
சிவப்பு எண் 1,500 என்றது.
இறங்கி நின்றேன்: 1,430.
டிக்கியைத் திறந்து
கூலன்ட் கேன், ஆறு போத்தல் தண்ணீர், பழைய ரிலே,
பெல்ட், கம்பிச் சுருள், ஜாக்கி இரண்டு,
எல்லாவற்றையும் மேடைக்கு வெளியே அடுக்கினேன்: 1,400.
என் பயம் மட்டுமே முப்பது கிலோ.

தொண்ணூறு காசு வீதம்
ஆயிரத்து இருநூற்று அறுபது.
காரை விற்றுக் கிடைக்கிற காசு
காரைப் பழுதுபார்க்கவும் போதாது.

நிறைந்து வரும் லோரி காலியாகத் திரும்பும்,
கழித்தால் நிற்பது நிகர எடை.
இதில் எதைக் கழிக்க?
கல்யாண வியர்வையையா, ஜூன் மாதத்தையா?

கேட்டில் நின்ற தில் பகதூர் புத்தகத்தை விரித்தான்.
"சரக்கு என்ன, மேடம்?"
கணினியில் நான்கு பதில்தான்:
குலை, பருப்பு, எண்ணெய், சக்கை.
சக்கையில் விரல் சற்று நின்றது.
பிறகு எஸ்கேப்பைத் தட்டினேன்.

கடைசி என்று நான் நினைத்தது கடைசி இல்லை,
பின்னால் இன்னொரு லோரி வந்து அலறியது.
அவசர அவசரமாக
முப்பது கிலோவையும் திரும்ப ஏற்றிக்கொண்டு
கதவைச் சாத்தினேன்.
அரிசி மூட்டை.

நாலு கண்ணாடியும் இறக்கிவிட்டுப் பட்டணம் வந்தேன்.
ஆ லெக் கடையின் இரும்புக்கதவு பாதி இறங்கியிருந்தது,
கீழே அவன் ஜப்பான் செருப்பு மட்டும் தெரிந்தது.
ஹாரன் அடித்தேன்.
சத்தமே இல்லை.
மறுபடி அழுத்தினேன்.

555ஐ எடுத்தேன்.